புதுச்சேரிக்கு ஒரு புதுப் பின்பால் மெஷின்: வாரண்டி எதைக் காக்கும், எதைக் காக்காது

கேள்வியின் சுருக்கம்: பிரான்சில் ராணுவப் பணி முடித்த மாமா அடுத்த ஆண்டு புதுச்சேரி லாஸ்பேட்டை வீட்டுக்கே திரும்பி வருகிறார். பிரான்சின் காப்பிக் கடைகளில் ஆடிப் பழகிய பின்பால் மெஷின் (சாய்ந்த மேசையில் ஓடும் எஃகுக் குண்டை, ஃபிளிப்பர் என்ற துடுப்புகளால் தட்டி ஆடுவது) ஒன்றைப் புதிதாக வாங்கி வீட்டில் வைக்க ஆசைப்படுகிறார். பிரான்சிலேயே வாங்கிக் கப்பலில் அனுப்புவதா, ‘ஒரு வருஷம் வாரண்டி’ என்று சொல்லும் இந்திய இறக்குமதியாளரிடம் வாங்குவதா? இப்போது வரும் மெஷின்களின் தரம் முன்போல இல்லை என்கிறார்களே, அது உண்மையா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரான்சிலேயே வாங்குங்கள். ஆனால் பிரிக்காத பெட்டியாகக் கப்பலில் ஏற்ற வேண்டாம். மாமா அங்கே இருக்கும்போதே மெஷினை விரித்து நிறுத்தி, சில வாரம் நன்றாக ஆடட்டும். வருகிற கோளாறு அங்கேயே வந்து, அங்கேயே தீரட்டும். அதன் பிறகு அனுப்புங்கள். இந்த வட்டாரத்தில் விளையாட்டு மெஷின்களை நிறுவியும் பழுது பார்த்தும் வருகிறவன் நான். வாரண்டி என்பது நம் ஊருக்கு வரும் வழியில் எங்கெங்கே நின்றுபோகிறது என்று அருகில் இருந்து பார்த்திருப்பதால்தான் இப்படிச் சொல்கிறேன்.

முதலில் தரம். பின்பால் மெஷினை இன்றைக்கும் ஆட்கள்தான் கையால் கோக்கிறார்கள். ஆயிரக்கணக்கான பாகங்கள், மேசைக்கு அடியில் கட்டுக்கட்டாக ஒயர்கள். 27 மில்லிமீட்டர் விட்டமும் ஏறக்குறைய 80 கிராம் எடையும் உள்ள எஃகுக் குண்டு ஒன்று இவற்றின் மேல் ஓடி, மோதி, உயரத்திலிருந்து விழுந்துகொண்டே இருக்கும். ஃபிளிப்பரை அசைக்கும் மின்காந்தச் சுருளான காயில் ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் முழு மெஷினும் அதிரும். அதனால் பெட்டியைப் பிரித்த முதல் சில வாரத்தில் ஏதாவது ஒன்று தளர்வது இயல்பு. கனெக்டர் பாதி கழன்றிருக்கும், ஸ்விட்சின் இடைவெளி மாறியிருக்கும், ஒரு ஸ்க்ரூ விழுந்து அடியில் கிடக்கும். இதையெல்லாம் தரக்குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். ஸ்க்ரூ டிரைவரும் பொறுமையும் இருந்தால் வீட்டிலேயே சரி செய்துகொள்ளலாம். ஆனால் அந்த விழுந்த ஸ்க்ரூவைத் தேடி எடுக்காமல் மெஷினை ஆன் செய்யக் கூடாது. அது மின்னணு போர்டின் மேல் கிடந்தால் ஷார்ட் ஆகிவிடும்.

‘முன்போல இல்லை’ என்ற பேச்சில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று மின்னணு. வில்லியம்ஸ் நிறுவனம் 1999 அக்டோபரில் பின்பாலை விட்டு வெளியேறிய பின் பத்தாண்டுகளுக்கும் மேலாக ஸ்டெர்ன் மட்டுமே பெரிய அளவில் மெஷின் செய்துகொண்டிருந்தது. பழைய மெஷின் போர்டுகளில் டிரான்சிஸ்டர் போனால் கண்ணால் பார்த்து, சால்டரிங் அயர்ன் வைத்து மாற்றிவிடலாம். நெல்லித்தோப்பில் டிவி ரிப்பேர் செய்கிறவரே செய்து தருவார். ஸ்டெர்ன் 2015 வாக்கில் ஸ்பைக் என்ற அமைப்புக்கு மாறியது. அதில் பிளேஃபீல்டுக்கு அடியில் நோட் போர்டு என்ற சிறு சிறு போர்டுகள் ஆங்காங்கே இருக்கும். பாகங்கள் பொடிப்பொடியாக மேற்பரப்பிலேயே ஒட்டியிருக்கும். பழுதானால் போர்டையே மாற்றுவதுதான் நடைமுறை. இதனால் ஒயர் குறைந்தது, கோளாறைக் கண்டுபிடிப்பது எளிதானது. ஸ்டெர்ன் தொழிற்சாலை உள்ள சிகாகோ பக்கம் இருப்பவருக்கு நல்லதுதான். புதுச்சேரியில் இருப்பவருக்கு ஒரு சின்னக் கோளாறும் கூரியர், சுங்கம், காத்திருப்பு என்று நீளும்.

இரண்டாவது விஷயம்தான் உங்கள் பணத்தைத் தின்னக் கூடியது: பிளேஃபீல்டு, அதாவது குண்டு ஓடும் படம் வரைந்த பலகை. மேப்பிள் முகம் போட்ட பிளைவுட்டில் படம் அச்சிட்டு, மேலே கார்களுக்கு அடிப்பது போன்ற கெட்டியான கிளியர் கோட் அடிக்கிறார்கள். அந்தப் பூச்சு முழுக்க இறுகக் காலம் வேண்டும். சுவரில் முதல் கோட் உலரும் முன்னே ஆணி அடித்தால் பெயின்ட் பிதுங்கிச் சுருங்கும் அல்லவா, அதேதான் இங்கும். இறுகாத பூச்சின் மேல் போஸ்ட் என்ற சிறு கம்பங்களை முறுக்கும்போது, போஸ்ட்டைச் சுற்றிப் பூச்சு அலைபோலத் திரள்கிறது. குண்டு மோத மோத அந்த இடம் பெயர்ந்து, அடியில் இருக்கும் படமும் சேர்ந்து சில்லாக வந்துவிடுகிறது. 2018க்குப் பின் சில ஆண்டுகள் ஒன்றுக்கு மேற்பட்ட தயாரிப்பாளர்களின் புது மெஷின்களில் இந்தப் புகார் பரவலாக எழுந்தது. இன்னொன்று, விளக்கு எரியும் பிளாஸ்டிக் இன்சர்ட்டின் ஓரத்தில் வெளுத்த வளையம் விழுவது. பூச்சு இன்சர்ட்டை விட்டுப் பிரிந்தால் அப்படித் தெரியும்.

குண்டு விழும் இடங்களில் பொட்டுப்பொட்டாகச் சிறு குழிகள் வருவது வேறு கதை. எண்பது கிராம் எஃகு மரத்தின் மேல் விழுந்தால் தடம் விழாமல் இருக்காது. எல்லா மெஷினிலும் வரும், நாளாக ஆகக் குழிகள் நெருங்கிச் சமமாகி, கண்ணுக்குத் தெரியாமல் போகும். புதிதாக வாங்கியவர்கள் இதைப் பார்த்துப் பதறி விற்பவரோடு சண்டை போடுவதும், நிஜமாகவே பூச்சு பெயர்வதை ‘இதுவும் அப்படித்தான் போல’ என்று விட்டுவிடுவதும் நடக்கிறது. குழியை விடுங்கள். விரிசல், திரட்சி, சில்லு, வெளுப்பு இந்த நான்கையும் விடாதீர்கள்.

ஏன் பலகையைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன் என்றால், போர்டைக் கூரியரில் வரவழைக்கலாம், பலகையை மாற்றுவது பெரிய வேலை. மாற்றுப் பலகையே கிடைத்தாலும், மேலும் கீழும் உள்ள எல்லாப் பாகங்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் புதிதில் பொருத்த வேண்டும். பழகிய கைகளுக்கே பல நாள் வேலை. அந்த வேலைக்கான கூலியை வாரண்டி தருவது அபூர்வம். இன்னும் மோசம், பூச்சுக் குறைகளைத் ‘தோற்றம் சார்ந்தது, தேய்மானம்’ என்று வகைப்படுத்தி ஒதுக்கிவிடுவதும் உண்டு. எனவே முதல் குண்டு ஓடும் முன்பே, நல்ல வெளிச்சத்தில், கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு போஸ்ட்டின் அடியையும் ஒவ்வொரு இன்சர்ட்டையும் குண்டு உள்ளே விழும் ஓட்டைகளின் விளிம்பையும் கிட்டத்தில் படம் எடுங்கள். நூறு இருநூறு ஆட்டம் ஆனதும் அதே இடங்களை மறுபடி எடுங்கள். தேதியோடு இருக்கும் இந்த இரண்டு தொகுப்புப் படங்கள் இல்லாமல் பலகை பற்றி எந்த விற்பனையாளரிடமும் பேசிப் பயனில்லை.

இனி வாரண்டிக் காகிதம். நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும், ஆனால் பொதுவான அமைப்பு ஒன்றுதான். மின்னணு போர்டுகளுக்குக் குறிப்பிட்ட காலம். ரப்பர், குண்டு, பல்பு, ஃபியூஸ் போன்ற தேயும் பொருட்களுக்குக் கிடையாது. பாகம் தருவார்கள், ஆள் அனுப்ப மாட்டார்கள். முதலில் வாங்கியவருக்கு மட்டும் செல்லும். தயாரிப்பாளரை நேரே அணுக முடியாது, விற்ற டிஸ்ட்ரிபியூட்டர் மூலமாகத்தான் போக வேண்டும். காலம் விற்பனைத் தேதியிலிருந்து ஓடத் தொடங்கும். இந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். கப்பலில் வாரக்கணக்கு, துறைமுகத்தில் சில நாள், லாரியில் சில நாள், வீட்டில் பெயின்ட் வேலை முடியட்டும் என்று மூலையில் சில வாரம். பெட்டியைப் பிரிக்கும்போதே குறுகிய வாரண்டியில் பெரும்பகுதி கரைந்திருக்கும். போக்குவரத்துச் சேதம் வாரண்டியில் வராது, அதற்குத் தனிக் காப்பீடு வேண்டும்.

பிரான்சில் வாங்கச் சொல்வதற்குக் காரணம் இங்கேதான் வருகிறது. தயாரிப்பாளரின் வாரண்டி எப்படி இருந்தாலும், அங்கே தனிநபராகக் கடைக்காரரிடம் புதுப் பொருள் வாங்கினால் சட்டமே இரண்டு ஆண்டு உத்தரவாதம் தருகிறது. பொறுப்பு விற்றவருடையது, ‘அமெரிக்காக் கம்பெனியைக் கேளுங்கள்’ என்று தட்டிக்கழிக்க முடியாது. அந்த இரண்டு ஆண்டுக்குள் வெளிப்படும் குறை, பொருள் கைக்கு வந்தபோதே இருந்தது என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பாடு. கேட்டதிலிருந்து முப்பது நாளுக்குள் பழுது பார்த்தோ மாற்றியோ தர வேண்டும். மாமா பிரான்சில் இருக்கும்வரை இது கையில் இருக்கும் ஆயுதம். மெஷின் புதுச்சேரிக்கு வந்த பிறகு சட்டத்தில் உரிமை இருந்தாலும், ஏறக்குறைய 115 கிலோ மெஷினைத் திருப்பி அனுப்பியா பழுது பார்க்கப் போகிறீர்கள்? அதனால்தான் அங்கேயே ஆடி முடிக்கச் சொல்கிறேன்.

இன்னொரு லாபமும் உண்டு. பிரான்சில் விற்கும் மெஷின் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸுக்கு அமைத்தது. நம் மின்சாரமும் அதுவே. அமெரிக்க உள்நாட்டு மெஷின் 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அதை இங்கே ஓட்ட பவர் சப்ளையின் அமைப்பையும் லைன் ஃபியூஸையும் மாற்ற வேண்டியிருக்கும். யாரோ ஒருவர் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்துச் சமாளித்து, பிறகு போர்டு எரிந்தால் வாரண்டி கேட்கவே முடியாது. ஆனால் பிரெஞ்சு பிளக்கில் ஒரு கண்ணி இருக்கிறது. அதன் எர்த் தொடர்பு அங்குள்ள சாக்கெட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் ஊசி வழியாக வருவது. நம் சாக்கெட்டில் அந்த ஊசி கிடையாது. இரண்டு குச்சியும் எப்படியோ நுழைந்து மெஷினும் ஓடும், ஆனால் எர்த் இருக்காது. மெஷினின் ஓரச் சட்டமும் கால்களும் முன்பக்கப் பூட்டுச் சட்டமும் எல்லாமே உலோகம், ஆடுகிறவர் கை எப்போதும் அதன்மேல்தான். வந்த அன்றே எலக்ட்ரீஷியனை வைத்து நம் மூன்று பின் பிளக்கை மாட்டி, வீட்டு எர்த்தையும் சோதித்துவிடுங்கள். மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தை வெட்டும் முப்பது மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. அந்த லைனில் இருக்க வேண்டும்.

இந்திய இறக்குமதியாளரையும் ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. ஏற்கெனவே இந்தியாவுக்குள் பாகம் வைத்திருக்கும் ஆள் என்றால் அவர் கேட்கும் கூடுதல் விலைக்கு நியாயம் உண்டு. ‘ஒரு வருஷம் வாரண்டி’ என்ற வாய்ச்சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். அந்த ஒரு வருஷம் தயாரிப்பாளருடையதா, இவருடையதா? காலம் எந்தத் தேதியிலிருந்து, பில் போட்ட நாளா, புதுச்சேரியில் நிறுவிய நாளா? மாற்று போர்டு இங்கே ஸ்டாக்கில் இருக்கிறதா, அல்லது ஒவ்வொரு முறையும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டுமா? வந்தால் கூரியரும் சுங்க வரியும் யார் தலையில்? ‘வாரண்டியில் இலவசம்’ என்று வெளிநாட்டு பில்லில் எழுதியிருந்தாலும் நம் சுங்கத்தில் பொருளின் மதிப்பைக் கணக்கிட்டுத்தான் வரி போடுவார்கள். ஈ.சி.ஆர். பக்கம் ஒரு விடுதியில் வாரண்டிக்குள்ளேயே போன போர்டு ஒன்றுக்கு இந்த வரியை யார் கட்டுவது என்ற பேச்சிலேயே வாரங்கள் ஓடின, மெஷின் அதுவரை இருட்டாகவே நின்றது. பலகைக்குத் தனியாக என்ன பொறுப்பு ஏற்கிறார் என்பதையும் எழுதி வாங்குங்கள். இவற்றுக்கு மின்னஞ்சலில் தெளிவாகப் பதில் தருகிறவரிடம் தைரியமாகப் பணம் கொடுக்கலாம்.

‘புதுசு’ என்று வருவது உண்மையில் புதுசுதானா என்பதையும் பாருங்கள். கண்காட்சியில் வைத்து ஆடிய மெஷின், வேறொருவர் திருப்பிய மெஷின் இரண்டும் சில சமயம் மறுபடி பெட்டியில் ஏறும். சர்வீஸ் மெனுவில் ஆடிட்ஸ் என்ற பக்கத்தில் இதுவரை எத்தனை ஆட்டம் ஓடியது என்று இருக்கும். தொழிற்சாலைச் சோதனையில் கொஞ்சம் ஓடியிருக்கும், அது பரவாயில்லை. கணக்கை அழிக்க முடியும் என்பதால் அதை மட்டும் நம்பாமல், குண்டு விழும் இடங்களில் குழி இருக்கிறதா, ஃபிளிப்பர் ரப்பரில் கறுப்புத் தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். சீரியல் எண்ணைத் தயாரிப்பாளருக்கு எழுதி, அது யாருக்கு எப்போது போனது என்று கேட்பதில் தவறில்லை.

சட்டம் இங்கே எவ்வளவு துணை? இந்தியாவில் ஜி.எஸ்.டி. பில்லோடு வாங்கியிருந்தால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கு நன்றாகவே உதவும். விற்றவர் பெங்களூரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் புதுச்சேரியிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கடலூர்க்காரர் என்றால் கடலூரில். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் வழி கேட்கலாம். ஆனால் பில் மாமாவின் பெயரில், வீட்டு உபயோகத்துக்கு என்று இருக்கட்டும். கஃபே, விடுதி என்று வியாபார நோக்கத்துக்கு வாங்கினால், பிழைப்புக்காகத் தானே நடத்தும் சிறு தொழில் என்று காட்ட முடிந்தால் ஒழிய, அந்தச் சட்டத்தின் நுகர்வோர் வரையறைக்குள் வர மாட்டீர்கள்.

சுங்கத்தைப் பொறுத்தவரை, மாமா குடிபெயரும் சாமான்களோடு மெஷின் வந்தால் ஒரு விதி, தனி இறக்குமதியாக வந்தால் வேறு விதி, பயன்படுத்திய பொருளாக வந்தால் இன்னொன்று. நான் ஆடிவிட்டு அனுப்பச் சொல்வதால் இது உங்களுக்கு முக்கியம். சென்னைத் துறைமுகத்தில் வேலை செய்யும் கிளியரிங் ஏஜென்ட் ஒருவரிடம், மெஷின் வாங்கும் முன்பே, மொத்தம் எவ்வளவு ஆகும் என்று எழுத்தில் கேளுங்கள். ஸ்டெர்னின் அடிப்படை ரகமே அமெரிக்காவில் ஏழாயிரம் டாலர் வட்டாரத்தில் தொடங்குகிறது, வரியும் சரக்குக் கூலியும் அதன் மேல். லாஸ்பேட்டை வாசலில் லாரி நின்றதும், பெட்டி நசுங்கியோ நனைந்தோ இருந்தால் லாரி ரசீதான எல்.ஆரில் கையெழுத்துப் போடும் முன் அதை அதிலேயே எழுதுங்கள். அந்த ஒரு வரி இல்லாமல் காப்பீட்டுக்காரர் அசைய மாட்டார்.

நம் கடற்கரைக் காற்றைப் பற்றி எந்த வாரண்டிக் காகிதமும் யோசிக்கவில்லை. குருசுக்குப்பம் முதல் கடலூர் முதுநகர் வரை உப்பு எதைத்தான் விட்டது? குண்டு எஃகுதான், ஈரத்தில் துரு ஏறும். துரு ஏறிய குண்டு பூச்சின் மேல் உப்புத்தாள் போல ஓடும். கொஞ்ச நாள் ஆடாமல் விட்டாலும் குண்டுகளை வெளியே எடுத்துத் துடைத்துப் பாருங்கள். மங்கினால் மாற்றிவிடுங்கள், விலை அதிகமில்லை. கனெக்டர் முனைகளும் இதே காற்றில்தான் கறுக்கின்றன. லாஸ்பேட்டை கொஞ்சம் உள்ளே, மேடான இடம் என்பது உங்களுக்கு நல்லது. 2024இல் ஃபெஞ்சல் புயலின்போது ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதில் ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. மெஷினின் மின்சாரப் பகுதி பெரும்பாலும் கேபினட்டின் அடித்தளத்தில்தான் இருக்கும். முடிந்தால் மாடியில் வையுங்கள். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் இடி இடித்தால் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள், ஸ்விட்சை அணைத்தால் போதாது. 2011இல் தானே புயலுக்குப் பின் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்து திரும்பி வந்தபோது ஏறி இறங்கிய வோல்டேஜ் நம் ஊரில் பலருக்கு நினைவிருக்கும். நல்ல சர்வோ ஸ்டெபிலைசர் ஒன்று மெஷினோடு சேர்ந்த செலவு என்றே கணக்குப் போடுங்கள். சதுர அலை தரும் வீட்டு இன்வெர்ட்டரில் மாட்ட வேண்டாம்.

உள்ளூர் மெக்கானிக்கிடம் ஒன்றை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: எண்ணெய் போடக் கூடாது. ‘கீச்’ என்றால் தையல் மெஷின் எண்ணெயை விடுவது நம் கைப்பழக்கம். ஃபிளிப்பர் காயிலுக்குள் ஓடும் பிளஞ்சர் என்ற உலோகத் தண்டு நைலான் குழாயில் உலர்ந்தே ஓட வேண்டியது. எண்ணெய் பட்டால் தூசியோடு பசையாகி இறுகிவிடும், ஸ்ப்ரே வகைகள் தீப்பொறி படும் இடத்தில் ஆபத்தும்கூட. பலகைக்கு கார்னாபா மெழுகு போதும். இன்னொன்று, ஃபியூஸ் அடிக்கடி போனால் பெரிய ஆம்பியர் போட்டு ஓட்டிப் பார்க்கக் கூடாது. ஒரு காயில் விடாமல் இழுத்துக்கொண்டு நிற்கிறது என்பதற்கு அதுவே முதல் அறிகுறி. பெரிய ஃபியூஸ் போட்டால் காயில், போர்டு, வாரண்டி மூன்றும் போகும்.

எந்த மெஷின் என்று கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். வெளிவந்து ஆறு மாதமாவது ஆன மாடலையே எடுங்கள். முதல் தொகுதியில் வரும் வடிவமைப்புக் குறைகள் அதற்குள் தெரிந்து, திருத்தப் பாகங்களும் வந்திருக்கும். ஆட்டத்தின் மென்பொருளும் வெளியீட்டின்போது பாதியில் இருந்து பிறகு வளர்வது வழக்கம். முன்பணம் கட்டி ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் சிறு நிறுவனங்களின் பக்கம் மாமாவின் ஓய்வூதியப் பணத்தை அனுப்ப வேண்டாம். வேல்ஸில் இருந்த ஹெய்வே பின்பால் 2018இல் மூடியபோது, பணம் கட்டிவிட்டுக் காத்திருந்தவர்கள் தெருவில் நின்றார்கள். மூடிய கம்பெனிக்கு வாரண்டியும் கிடையாது, மாற்று போர்டும் கிடையாது.

மெஷினோடு அதே பெட்டியில் வர வேண்டிய சாமான்களையும் அங்கேயே வாங்கிவிடச் சொல்லுங்கள்: அந்த மாடலுக்குரிய நோட் போர்டு குறைந்தது ஒன்று, ஒரு ஃபிளிப்பர் காயில், பிளஞ்சர், ஸ்லீவ் (அந்த நைலான் குழாய்), காயில் ஸ்டாப் (பிளஞ்சர் வந்து இடித்து நிற்கும் பாகம்) இரண்டு செட், முழு ரப்பர் செட், புதுக் குண்டுகள், எல்லா அளவு ஃபியூஸும், குண்டு உள்ளே விழும் ஓட்டைகளின் விளிம்புக்கு மாட்டும் உலோகக் காப்புத் தகடு, போஸ்ட்டுக்கு அடியில் போடும் வாஷர். காப்புத் தகட்டையும் வாஷரையும் ஆடத் தொடங்கும் முன்பே பொருத்திவிட வேண்டும், பூச்சு பெயர்ந்த பிறகு போட்டால் மூடி மறைக்க மட்டுமே உதவும்.